காப்பாளர் கையொப்பம்

முனிச்சாலை, மதுரை
19 ஜனவரி 2025

சுபலட்சுமி,

இது சமாதானக் கடிதம் அல்ல. பொங்கலுக்கு வந்துவிட்டு, மாட்டுப் பொங்கல் அன்று மதியமே பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பினாயே, அப்போது உன் மூக்குக்கண்ணாடியைச் சாமி அறை ஜன்னலில் விட்டுவிட்டாய். அது இல்லாமல் உன்னால் ஒரு வரி படிக்க முடியாது. ஆட்டோ ஜெயபாண்டியிடம் கொடுத்தனுப்புகிறேன். கண்ணாடியை மட்டும் காகிதத்தில் சுற்றி அனுப்புவது முறையில்லை என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் காதுக்குப் போன் ஒத்துவருவதில்லை. உன் போனையும் வாரம் முழுக்க வார்டன் வாங்கி வைத்துக்கொள்கிறாராம். மேலும், போனில் பேசினால் நீ அழுவாய், நான் குரலை உயர்த்துவேன். காகிதத்தில் இரண்டு பேரும் கொஞ்சம் அடக்கமாக இருப்போம்.

கீழ்வீட்டுச் சூடாமணியின் முன்னால் நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. நாற்பது வயதில், கணவன் போய் மூன்று வருடத்தில், மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நர்சிங் பள்ளியில் சேர்ந்தவளை எப்படிப் பாராட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'சின்னப் பிள்ளை மாதிரிச் சீருடை போட்டுக்கொண்டு திரிகிறாள்' என்றது அதிகம் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். என் மகன் ஸ்ரீநாத் இருந்திருந்தால் உன் பக்கம்தான் பேசியிருப்பான். அதுவும் எனக்குத் தெரியும்.

கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்ததா என்று எழுது.

ஹம்சவேணி லட்சுமிநாராயணன்


பெண்கள் விடுதி, ஒத்தக்கடை
26 ஜனவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

கண்ணாடி நல்லபடியாக வந்தது. அதுவரை பக்கத்து இருக்கைப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பெயர் தெரியாமலேயே நான்கு நாள் ஓடியது. இங்கே எல்லோரும் வரிசை எண்தான்.

இன்று கொடியேற்றம். ஆறு மணிக்கே மைதானத்தில் நிற்க வைத்துவிட்டார்கள். முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே இருக்கிறேன். சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கிவிடுகிறது. சாக்ஸைக் கழற்றினால் வளையல் போட்ட மாதிரித் தடம். அறையில் என்னோடு ஐந்து பெண்கள், எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. என்னை 'ஆன்ட்டி' என்கிறார்கள். ஒருத்தி கேட்டாள், "ஆன்ட்டி, எங்கம்மா உங்கள விட ரெண்டு வயசு சின்னவுங்க. உங்கள எப்புடித் திட்டுறதுன்னே தெரியலயே?" எதற்குத் திட்ட வேண்டும் என்றேன். "குளியலறைல இம்புட்டு நேரமா இருக்கீகளே, அதுக்குத்தேன்" என்றாள்.

வகுப்பு எடுக்கும் பவதாரிணி மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயது. அவர் உள்ளே வரும்போது எழுந்து நிற்க வேண்டும். எழுந்திருக்க எனக்குக் கொஞ்சம் நேரமாகிறது. மற்றவர்கள் நின்று உட்காரும்போது நான் பாதி எழுந்திருப்பேன். எலும்புகளின் பெயர்கள் ஆங்கிலத்தில். காலையில் மனப்பாடம் செய்தது மதியச் சாப்பாட்டோடு போய்விடுகிறது. போன வாரம் வகுப்பிலேயே தூங்கிவிட்டேன். மிஸ் எழுப்பவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

உங்களிடம் கேட்காமல் சேர்ந்தது உண்மைதான். திருமங்கலம் கிளினிக்கில் பழைய வேலையைக் கேட்டுப் போனேன். முழு நர்ஸ் படிப்பு இல்லாமல் இனிமேல் எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் முன்பு துணை நர்ஸ் படிப்பு முடித்திருந்ததால் வயது தடையில்லை என்றார்கள். கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றிருப்பீர்கள். வேண்டாம் என்று நீங்கள் சொன்னபின் போக எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள்.

சுபலட்சுமி


முனிச்சாலை, மதுரை
4 பிப்ரவரி 2025

சுபலட்சுமி,

மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ இந்த வீட்டுக்கு வருமுன்பே அதை விழுங்கத் தொடங்கியவள் நான்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. இரண்டு நாள் கீழிருந்து குடத்தில் ஏற்றினேன். சூடாமணி மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு, "மருமக ஹாஸ்டல்ல பாடம் படிக்கிறா, மாமியா குடம் தூக்குறீங்க. நல்லாத்தான் இருக்கு போங்க" என்றாள். ஒரு கை கொடுப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு வாய்க்கு மட்டும்தான் வலு. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. மூன்று வருடப் படிப்பு. எனக்கு எழுபத்து மூன்று. நீ சேரும்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயா?

வகுப்பில் தூங்கிய விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கான்வென்ட்டில் தூங்கினால் சிஸ்டர் முழங்கையில் ஸ்கேலால் தட்டுவார். உன்னை எழுப்பவில்லை என்றால் உன்னை அவர்கள் மாணவியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எழுப்பச் சொல்லிக் கேள்.

முடியவில்லை என்றால் வந்துவிடு. கதவு பூட்டியிருக்காது. ஆனால் வந்தபின் 'நீங்கள்தான் கூப்பிட்டீர்கள்' என்று சொல்லக் கூடாது. நான் கூப்பிடவில்லை.

ஹம்சவேணி லட்சுமிநாராயணன்


பெண்கள் விடுதி, ஒத்தக்கடை
19 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

ஒரு தவறு செய்துவிட்டேன். உங்களைத் தவிர யாரிடமும் கேட்க முடியாத உதவி இது. எப்படி எழுதுவது என்று தெரியாததால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த மாதம் ஆஸ்பத்திரியில் ஆண்கள் அறுவை வார்டில் எங்களுக்குப் பயிற்சி. காலையில் வகுப்பு, மதியத்துக்குப் பின் வார்டு. திங்கட்கிழமை நான்கு மணிக்கு எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். எங்கள் மூவருக்கு ஒரு தெர்மாமீட்டர். அது வார்டின் இன்னொரு கோடியில் இருந்தது. நடந்துபோய் வாங்கிவரக் காலில் சக்தியில்லை. கையால் தொட்டுப் பார்த்தே எழுதினேன்.

உங்களுக்குத் தெரியும், திருமங்கலம் கிளினிக்கில் பத்து வருடம் அப்படித்தான். டாக்டரே, "சுபா கை வச்சா தெர்மாமீட்டர் எதுக்கு?" என்பார். என் கைமேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆறு பேருக்குத் தொட்டு, ஆறு பேருக்கும் காய்ச்சல் இல்லை என்று எண் போட்டு எழுதிவிட்டேன்.

அதில் ஒருவர் மேலூர்ப் பக்கத்து விவசாயி, முத்திருளன். குடலிறக்கத்துக்கு அறுவை செய்திருந்தார்கள். நான் வருவதற்குச் சற்று முன்னால் அவர் மனைவி ஈரத்துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டிருக்கிறார். நெற்றி ஜில்லென்று இருந்தது. ஆறரை மணிக்கு அவருக்குக் குளிர் நடுக்கம் வந்துவிட்டது. தையலுக்குள் சீழ். என் எண்ணைப் பார்த்துத்தான் யாரும் அவரைக் கவனிக்காமல் இருந்திருக்கிறார்கள். "இத எழுதுனது யாரு?" என்றார் வார்டு நர்ஸ். நான் என்றேன். "எதுல பாத்த?" என்றார். கையில் என்றேன்.

இப்போது வார்டுக்குப் போகக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மன்னிப்புக் கடிதத்தில் காப்பாளர் நேரில் வந்து கையொப்பம் போட வேண்டும். இல்லையென்றால் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கும் ஒரே விதி. பெற்றோர், கணவர், காப்பாளர், யாராவது ஒருவர். எனக்கு முதல் இரண்டும் இல்லை. சேரும்போது காப்பாளர் இடத்தில் உங்கள் பெயரை எழுதியிருந்தேன். உங்களிடம் அதையும் கேட்கவில்லை.

மன்னிப்புக் கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அது அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுக்கும் வாசகம். மாத இறுதிக்குள் ஒருநாள் வர முடியுமா அத்தை? இதை இழந்தால் எனக்கு வேறு வேலை கிடைக்காது. உங்கள் வீட்டில் உங்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இன்னும் முப்பது வருடம் இருக்க என்னால் முடியாது.

சுபலட்சுமி


முனிச்சாலை, மதுரை
22 பிப்ரவரி 2025

சுபலட்சுமி,

நகலை இரண்டு முறை படித்தேன். 'போதிய அனுபவமின்மையாலும் அறியாமையாலும் நான் செய்த இத்தவறை' என்று இருக்கிறது. இதில் நான் கையொப்பம் போட மாட்டேன்.

பத்து வருடம் கிளினிக்கில் இருந்தவளுக்கு அனுபவமின்மை எங்கிருந்து வந்தது? உனக்கு அனுபவம் அதிகமாக இருந்ததால்தான் இப்படி ஆயிற்று. காய்ச்சலைக் கருவியில் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். தெரிந்து, பார்க்காமல், பார்த்ததாக எழுதினாய். சோர்வு என்கிறாய். இருக்கட்டும். சோர்வு என்று எழுதியிருந்தால்கூட யோசித்திருப்பேன். அறியாமை என்று எழுதியிருக்கிறது. என் பெயரை நான் இதுவரை பொய்க்குக் கீழே எழுதியதில்லை.

இது கல்நெஞ்சு என்று உனக்குப் படும். படட்டும்.

இன்னொன்று. உன் கால் வீக்கம், உன் வேலை, நீ என் சோற்றைச் சாப்பிட வேண்டியிருப்பது, எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. அந்த முத்திருளன் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை.

ஹம்சவேணி லட்சுமிநாராயணன்


பெண்கள் விடுதி, ஒத்தக்கடை
2 மார்ச் 2025

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். கடைசி வரிக்காக மடித்து வைத்தேன்.

முதலில் என் அண்ணனுக்குப் போன் செய்தேன். வார்டன் பக்கத்திலேயே நின்றார். அருள்பாண்டி அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டு, "கலியாணத்துக்குக் கேக்கல, கையெழுத்துக்கு மட்டும் அண்ணனா?" என்று போனை வைத்துவிட்டார். வார்டன் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீருடையில் இல்லை, பார்வையாளர் நேரத்தில், புடவையில். முத்திருளன் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சீழை எடுத்துவிட்டு மருந்தை மாற்றியிருக்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அவர் மனைவி பெயர் ஜெயக்கொடி. என்னை யாரென்று தெரியாமலே, "ஒக்காருத்தா, யாரப் பாக்க வந்த?" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். உங்களைத்தான் என்றேன். அன்று தொட்டுப் பார்த்துவிட்டுத் தப்பாக எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

ஜெயக்கொடி என் கையையே பார்த்தார்.

"அந்தக் கருவிய வச்சுப் பாக்க எம்புட்டு நேரமாகும்?"

"ஒரு நிமிசம்."

"அந்த ஒரு நிமிசம் ஒனக்கு இல்லாமப் போச்சாக்கும்."

முத்திருளன்தான், "விடு. துண்ட நனச்சுத் தொடச்சது நீதான? அந்தப் புள்ள என்ன செய்யும்?" என்றார். அதற்கு ஜெயக்கொடி, "நான் பொண்டாட்டி, தொடப்பேன். அவ படிச்சவ, பாக்கணும்ல?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

திரும்பி வந்து அலுவலகத்தின் வாசகத்தை வைத்துவிட்டு நானே எழுதினேன். தெர்மாமீட்டரில் பார்க்க வேண்டும் என்று தெரியும். களைப்பாலும் என் கைமேல் இருந்த கர்வத்தாலும் பார்க்காமல் எழுதினேன். இவ்வளவுதான். முதல்வர் தேவிகா மேடம் படித்துவிட்டு, "இத நான் ஃபைல்ல வச்சா விசாரணைக் குழு கூடணும்மா. பேசாம அந்த வாசகத்துல போட்டிருக்கலாம்ல?" என்றார். கூடட்டும் என்றேன். பத்தாம் தேதி திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கூடுகிறார்கள். அப்போதும் காப்பாளர் வந்தாக வேண்டும்.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. துணிகளை மடித்து வைத்துவிட்டேன். வார்டுக்கும் போக முடியாமல், வகுப்பிலும் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்க்க, இந்த இரண்டு வாரத்தில் நான் செய்தது மடித்தது ஒன்றுதான். களைப்பாக இருக்கிறது அத்தை. கோபப்படக்கூட வலு இல்லை.

சுபலட்சுமி


முனிச்சாலை, மதுரை
11 மார்ச் 2025

சுபலட்சுமி,

நேற்று அறைக்குள் நடந்ததை உனக்கு யாராவது அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள். உன்னை வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். முடிந்ததும் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் நானே முழுதாக எழுதுகிறேன்.

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் பிடித்து வந்தேன். கூட்டம். உட்கார இடம் கொடுத்த பையன் என்னிடம் நான்கு முறை எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டான். எனக்குக் கேட்கவில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். மூன்றாவது முறையே கேட்டது.

முதல்வர் மரியாதை தெரிந்த பெண். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். நான் யார் என்று கேட்டார், சொன்னேன். "அம்மா, இத்தன வருசத்துல அப்பா வந்து அழுதிருக்காரு, அண்ணன் வந்திருக்காரு, புருசன் வந்து சத்தம் போட்டிருக்காரு. மாமியார் வந்து நான் பாத்ததில்ல" என்றார். சத்தமாகப் பேசினார். எனக்கு நன்றாகக் கேட்டது.

பிறகு சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். நீ எழுதிய கடிதத்தை எடுத்துவிட்டு அலுவலக வாசகத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டால் ஓர் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்றார். உன் கடிதம் இருந்தால், பொய்யாகக் குறிப்பு எழுதியதற்கான முழுத் தண்டனையும் உண்டு. அந்தச் சின்னப் பெண் பவதாரிணி உனக்காக நிறையப் பேசினாள். "பாவம் மேடம், வயசானவங்க. இனிமே செய்ய மாட்டாங்க" என்றாள். நல்ல பெண்தான். ஆனால் நான் சொன்னேன், "வயசாச்சுன்னு என்னையச் சொல்லுங்க, ஒத்துக்கிறேன். அவளுக்கு நாப்பதுதான் ஆகுது."

உன் கடிதம் இருக்கட்டும் என்றேன். மற்றப் பெண்களுக்கு என்ன தண்டனையோ அதையே கொடுங்கள் என்றேன். அதனால் கோடை விடுமுறை முழுக்க அதே வார்டில் மறுபடி பயிற்சி, வீட்டுக்கு அனுமதி இல்லை. பதிவேட்டிலும் குறிப்பு இருக்கும். படிப்பு தொடரும். இந்தத் தண்டனையை உனக்கு வாங்கித் தந்தது நான்தான் என்று யாராவது உன்னிடம் வந்து சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஏன் என்று கேட்பாய். ஸ்ரீநாத் படுக்கையில் கிடந்த நான்கு மாதமும் நான் அந்த அறையில்தான் இருந்தேன். உன்னோடு அப்போதும் சரியாகப் பேசியதில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவனைத் திருப்பிப் படுக்க வைப்பாய். கடைசிவரை அவன் முதுகில் ஒரு புண் வரவில்லை. டாக்டர் அதைச் சொல்லி ஆச்சரியப்பட்டார். அதைப் பார்த்த நான், நீ ஒன்றும் தெரியாதவள் என்று எழுதிய காகிதத்தில் எப்படிக் கையொப்பம் போடுவேன்? உன் கடிதத்தின் கீழே போட்டேன். முழுப் பெயரோடு போட்டேன்.

வெளியே வந்தபோது நீங்கள் எல்லோரும் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். உன் தலையில் நரை தெரிந்தது. நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. வரிசையில் போகும்போது பார்க்கக் கூடாது என்று விதி இருக்கலாம். அந்தச் சீருடை உனக்குத் தோளில் தளர்வாக இருக்கிறது. தைத்தவரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. இன்று முழுக்கப் படுத்திருந்தேன்.

ஹம்சவேணி லட்சுமிநாராயணன்


பெண்கள் விடுதி, ஒத்தக்கடை
16 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நிமிர்ந்து பார்க்காதது விதியால் அல்ல. பார்த்திருந்தால் வரிசையை விட்டு வந்திருப்பேன். அதற்கு ஒரு தண்டனை இருக்கும், அதையும் நீங்களே வாங்கிக் கொடுத்திருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். எச்சரிக்கையோடு போயிருக்க வேண்டியது. மே மாதம் முழுக்க நான் தூங்கலாம் என்று இருந்தேன். அறைப் பெண்கள், "ஆன்ட்டி, ஒங்க மாமியார் ஒங்களுக்குக் காப்பாளரா, வில்லியா?" என்று கேட்கிறார்கள். இரண்டும்தான் என்றேன். ஸ்ரீநாத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமையிலிருந்து மறுபடி வார்டு. முத்திருளன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கட்டிலில் இப்போது லாரி ஓட்டும் ஒருவர். தெர்மாமீட்டரை வாங்கிவர அந்தக் கோடிவரை நடக்கிறேன். ஒவ்வொருவருக்கும் வைத்து, அது சத்தம் கொடுக்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். நெற்றியைத் தொடுவதில்லை. கை தானாகப் போகிறது, பின்னால் கட்டிக்கொள்கிறேன். "என்னம்மா, ஒரு காச்சலப் பாக்க இம்புட்டு நேரமா?" என்று லாரிக்காரர் சலித்துக்கொண்டார். ஆமாம் அண்ணே, இம்புட்டு நேரம்தான் என்றேன். முடித்துவிட்டு விடுதிக்கு வரும்போது படி ஏற முடியவில்லை. நேற்று நான்காவது படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது. முடியும் என்று எழுத மாட்டேன். இந்த வாரம் முடிந்தது.

மடித்து வைத்த துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

விடுமுறையில் நான் வர முடியாது. அது உங்களால்தான். அதனால் நீங்கள்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கேட்டைத் திறப்பார்கள். ஐந்துவரை இருக்கலாம். வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது, அங்கே போய் உட்காருங்கள். வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டாம், ஆட்டோவில் வாருங்கள். நான் இறங்கி வரக் கொஞ்சம் நேரமாகும். எழுந்து போய்விடாதீர்கள்.

சுபலட்சுமி